திருப்பி அனுப்பப்பட்ட மனுவும் எல்லைத் தமிழரும்

பாறசாலை, இஞ்சிவிளை, தனுவச்சபுரம், நெய்யாற்றின்கரை வட்டாரத்துக் கிராமங்களில் தமிழர் இருவர் சந்தித்துப் பேசினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஓரிடத்தில் வந்து நிற்கும். "மனுவைத் திருப்பிவிட்டார்கள்" என்பதே அந்த இடம். வருமானச் சான்றுக்கோ, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதற்கோ, பிள்ளையின் பள்ளிக்கூடக் காரியத்துக்கோ எழுதிக் கொடுத்த காகிதம் மேஜையைத் தாண்டவில்லை. சில வேளை மொழி காரணமாகச் சொல்லப்படும். சில வேளை "இந்த ஆபீசில் கேட்க வேண்டியதல்ல" என்ற பதில் கிடைக்கும். சில வேளை காரணமே சொல்லப்படாது.

அப்போது மனுக்காரர் என்ன செய்கிறார் என்பதே இங்கே எடுத்துக்கொண்ட விஷயம். பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் பிடிக்கிறார். குரலை உயர்த்தி, "தமிழன் என்றால் உங்களுக்கு இளக்காரமா?" என்று கேட்டுவிட்டு வெளியேறுவது ஒரு வழி. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு நாள் கூலி போனதே என்ற வருத்தத்தோடு பேசாமல் வீடு திரும்புவது மற்றொரு வழி. முதலாமவர் மானஸ்தர் என்றும் இரண்டாமவர் சாது என்றும் ஊர் பேசிக்கொள்ளும். ஆனால் இருவருக்கும் காரியம் நடக்கவில்லை. மேஜைக்குப் பின்னால் இருப்பவர் எடுத்த முடிவு சரியா தவறா என்ற கேள்வியை இருவருமே எழுப்பவில்லை.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. முடிவை ஏற்கவில்லை என்பதைத் தெளிவாகவும் மரியாதையாகவும் எழுத்தில் சொல்லி, அடுத்த படியில் இருப்பவரிடம் அதைக் கொண்டு போவது. சத்தம் போடுவதைவிட இது கடினம். சும்மா இருப்பதைவிடவும் கடினம். எல்லையோரத்தில் வாழ்கிறவர்களுக்குக் கைகொடுக்கக்கூடியது இந்த வழிதான்.

முதலில் முடிவைப் படிக்க வேண்டும்

நயமாக மறுப்பதற்கு முதல் தேவை, எதிர்த்தரப்பு சொன்னதில் நியாயம் இருக்கிறதா என்று பார்ப்பது. இதை விட்டுவிட்டுப் பேசும் பேச்சு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் வீண்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். தமிழில் எழுதிய இரண்டு காகிதங்கள் ஓர் அலுவலகத்துக்குப் போகின்றன. ஒன்று, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கப்பட்ட கேள்வி. மற்றொன்று, வீட்டு முன்னால் ஓடை அடைபட்டுக் கிடக்கிறது, நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற குறைதீர் மனு. இரண்டும் தமிழில் இருப்பதாகச் சொல்லித் திருப்பப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே மாதிரி அநியாயம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அப்படியல்ல.

2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள தகவல் பெறும் உரிமைச் சட்டம், விண்ணப்பம் ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அந்தப் பகுதியின் ஆட்சிமொழியிலோ இருக்க வேண்டும் என்கிறது. மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதித் தரும்படி அதிகாரி கேட்டால் அவர் கையில் ஒரு பிடி இருக்கிறது. அவர் தமிழரை இளக்காரமாக நினைக்கிறார் என்று முடிவு கட்டுவதற்கு அது போதாது. அதே சட்டம், எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் அதை எழுத்தில் கொண்டுவர எல்லா நியாயமான உதவியும் செய்ய வேண்டும் என்று அதிகாரிக்குக் கட்டளையிடுகிறது. "சாரே, எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. நான் சொல்கிறேன், எழுத உதவ வேண்டும்" என்று கேட்பவரிடம் சட்டப்படி மறுப்புச் சொல்ல இடமில்லை.

குறைதீர் மனுவின் கதை வேறு. அரசியல் சட்டத்தின் 350ஆவது ஷரத்து, எந்த ஒருவரும் தமது குறையைத் தீர்க்கக் கோரும் மனுவை மத்திய அரசின் அதிகாரிக்கோ மாநில அரசின் அதிகாரிக்கோ, மத்தியிலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று உரிமை தருகிறது. தமிழ் கேரளத்தில் வழங்கும் மொழி என்பதை யாரும் மறுக்க முடியாது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் இலாகாத் தலைமை அலுவலகங்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அந்த மொழியில் தரப்பட வேண்டும் என்று கூறுகிறது.

ஆகவே, ஓடை பற்றிய மனுவைத் திருப்பியவர் தவறு செய்திருக்கிறார். கேள்வியைத் திருப்பியவர் செய்ததில் பாதி சரி. இரண்டுக்கும் ஒரே வார்த்தைகளில் சண்டை போட்டால், சரியாக நடந்தவர் மனம் கசந்துபோவார், தவறாக நடந்தவர் தப்பித்துக்கொள்வார். தமது பஞ்சாயத்து அறிவிக்கப்பட்ட பகுதிகளில் அடங்குமா என்பதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் உரிமை பேசுவதும் அப்படிப்பட்டதே. அதையே ஒரு கேள்வியாக எழுதிப் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்டால், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

எய்தவன் இருக்க அம்பை நோவதா?

மேஜையில் இருப்பவர் பெரும்பாலும் ஒரு குமாஸ்தா. அவருக்கு மேலே ஒரு சூப்பிரண்டு, அவருக்கும் மேலே ஓர் அதிகாரி. ஏதோ ஒரு சுற்றறிக்கையை அவர் பின்பற்றுகிறார், அல்லது முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் செய்ததையே தாமும் செய்கிறார். இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்களில் பலர் அப்படிப்பட்ட நாற்காலியில் இருப்பவர்களே. தங்கள் மேஜைக்கு முன் ஒருவர் வந்து, "நீ எந்த ஊர்க்காரன் என்று எனக்குத் தெரியும்" என்று தொடங்கினால் அந்த ஃபைல் எந்த வேகத்தில் நகரும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுப்பு என்பது முடிவைப் பற்றியதாக இருக்க வேண்டும், முடிவெடுத்தவரின் ஜாதி, மொழி, ஊர், குணம் பற்றியதாக அல்ல. இதை வைத்து இரண்டு விதமாக எழுதிப் பார்க்கலாம்.

"தாங்கள் வேண்டுமென்றே தமிழர்களின் மனுக்களை அலட்சியம் செய்து வருகிறீர்கள். இது தொடர்ந்தால் மேலிடத்தில் புகார் செய்வோம்" என்று ஒருவர் எழுதுகிறார்.

"இம்மாதம் 5ஆம் தேதி நான் கொடுத்த மனு தமிழில் இருப்பதாகக் கூறித் திருப்பப்பட்டது. அரசியல் சட்டம் 350ஆவது ஷரத்தின்படி குறைதீர் மனுவை மாநிலத்தில் வழங்கும் மொழியில் கொடுக்கலாம் என்று அறிகிறேன். அதனால் மனுவை மீண்டும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஏற்க இயலாதெனில் அதற்கான விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். மலையாள மொழிபெயர்ப்பு தேவையெனில் அதையும் கொடுக்கத் தயார்" என்று மற்றொருவர் எழுதுகிறார்.

முதல் கடிதத்தில் கோபம் இருக்கிறது, தகவல் இல்லை. படிப்பவர் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள என்ன எழுதலாம் என்றுதான் யோசிப்பார். இரண்டாவது கடிதத்தில் என்ன நடந்தது, எந்த விதி, என்ன வேண்டும், தாம் எவ்வளவு தூரம் இறங்கி வரத் தயார் என்ற நான்கும் இருக்கின்றன. அதில் பணிவு உண்டு, கெஞ்சல் இல்லை. அதை மறுக்க வேண்டுமானால் அதிகாரி ஒரு காரணத்தைத் தேடியாக வேண்டும். காரணம் கிடைக்கவில்லை என்றால் மனுவை ஏற்பதுதான் அவருக்கும் சுலபம்.

ஏணியில் ஒவ்வொரு படியாக

காரணம் கேட்பது அவமதிப்பு ஆகாது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வியை நிராகரிக்கும் அதிகாரி மூன்றைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்: நிராகரித்த காரணம், மேல்முறையீடு செய்ய வேண்டிய காலவரம்பு, மேல்முறையீட்டைக் கேட்பவர் யார் என்ற விவரம். முடிவு கிடைத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மூத்த அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் திருப்தி இல்லை என்றால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் கமிஷனிடம் போகலாம். மறுப்பு நியாயமானதே என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பை, மேல்முறையீட்டில் சட்டம் மறுத்த அதிகாரியின் தலையில்தான் வைத்திருக்கிறது. இவ்வளவு வசதியை வைத்துக்கொண்டு மேஜையைத் தட்டுவானேன்?

படிகளைத் தாண்டிக் குதிப்பதும் தவறு. வில்லேஜ் ஆபீசில் காகிதம் திரும்பினால் மறுநாளே மந்திரிக்குத் தந்தியடித்த பழைய காலத்துப் பழக்கம், இன்று வாட்ஸப்பில் படமெடுத்துப் போடுவதாக மாறியிருக்கிறது. பெயரோடும் படத்தோடும் ஊரெல்லாம் சுற்றிவந்த பிறகு அந்த அதிகாரி தமது முடிவை மாற்றிக்கொள்ள விரும்பினாலும் மாற்ற முடியாது. மாற்றினால் பயந்துவிட்டார் என்று ஆகும். ஒருவர் தவறைத் திருத்திக்கொள்ள வேண்டுமென்றால், முகம் கெடாமல் திருத்திக்கொள்ளும் இடத்தை அவருக்கு விட்டுவைக்க வேண்டும். மேல்முறையீடு என்ற ஏற்பாட்டில் அந்த இடம் இருக்கிறது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு காலத்தில் அம்பயரின் விரல் உயர்ந்தால் அத்துடன் சரி, முணுமுணுத்தால் அபராதம். 2008இல் இந்தியாவும் இலங்கையும் ஆடிய டெஸ்ட் தொடரில் மறுபரிசீலனை முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. இன்று ஆட்டக்காரர் கையால் ஓர் அடையாளம் காட்டினால் போதும், மூன்றாவது அம்பயர் படத்தைப் பார்த்துச் சொல்கிறார். அடையாளம் காட்டுவதற்குச் சில விநாடிகளே உண்டு, தோற்கும் முறையீடுகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. யாரும் யாரையும் திட்டுவதில்லை. முடிவு மாறினால் மைதானத்து அம்பயரே எல்லாரும் பார்க்கத் தமது முடிவை மாற்றி அறிவிக்கிறார். அதனால் அவர் மதிப்புக் குறைந்ததாக யாரும் சொல்வதில்லை.

கிராமசபையிலும் இப்படித்தான். 1994ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி வார்டுக்கு ஒரு கிராமசபை உண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும். அங்கே தலைமை வகிப்பவர் ஒரு கேள்வியை "இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை" என்று தள்ளிவிட்டால், எழுந்து நின்று கூட்டத்தைக் கலைப்பதால் அடுத்தவருடைய கேள்வியும் சேர்ந்து அழியும். "தலைவர் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் இந்தக் கேள்வி எழுப்பப்பட்டது என்பதை மினிட்ஸில் பதிவு செய்ய வேண்டும், அடுத்த கூட்டத்து நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும்" என்று சொல்லி உட்காரலாம். மூன்று மாதம் கழித்து அந்தப் பதிவு பேசும்.

எல்லைக்கோடு போட்டவர்கள் காட்டிய வழி

களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் இடையே ஓடும் எல்லை, ராஜ்ய சீரமைப்புக் கமிஷன் 1955 செப்டம்பர் 30 அன்று கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்தது. தமிழர் தரப்பில் கேட்கப்பட்டவை ஒன்பது தாலுகாக்கள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை ராஜ்யத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமே நின்றது. அந்த முடிவை இன்றும் மனத்தால் ஏற்காத முதியவர்கள் இரு பக்கமும் உண்டு.

அந்த அறிக்கையைத் திட்டுபவர்களும் புகழ்பவர்களும் அதில் உள்ள ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. கமிஷனில் இருந்தவர்கள் மூவர்: தலைவர் ஃபசல் அலி, ஹிருதயநாத் குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர். ஹிமாசலப் பிரதேசத்தைப் பஞ்சாபுடன் சேர்க்க வேண்டும் என்று மற்ற இருவரும் கருதினார்கள். தலைவருக்கு அது சம்மதமில்லை. அவர் கமிஷனை விட்டு விலகவில்லை, சகாக்களைக் குறை கூறிப் பேட்டி கொடுக்கவுமில்லை. தமது மாறுபட்ட கருத்தைத் தனிக் குறிப்பாக எழுதி அறிக்கையுடன் சேர்த்தார். பெரும்பான்மையின் யோசனையை விட்டுவிட்டு அரசாங்கம் அந்தக் குறிப்பின் வழியே போயிற்று. ஹிமாசலம் தனியாகவே இருந்தது, 1971 ஜனவரி 25இல் முழு மாநிலமும் ஆயிற்று.

பணிக்கரும் ஒரு தனிக் குறிப்பு எழுதினார். உத்தரப் பிரதேசம் அளவுக்கு மீறிப் பெரியது, அதைப் பிரிக்க வேண்டும் என்பது அவர் வாதம். அது ஏற்கப்படவில்லை. அதற்காக அவர் அறிக்கையில் கையெழுத்திடாமல் இருந்துவிடவில்லை.

ஃபசல் அலிக்கு இது முதல் தடவையும் அல்ல. 1950இல் கண்ணூர்க்காரரான ஏ.கே. கோபாலன் சென்னைச் சிறையில் விசாரணையின்றி அடைபட்டிருந்தபோது தொடுத்த வழக்கில், சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக இருந்த ஃபசல் அலி பெரும்பான்மையினரிடமிருந்து மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். அன்று அது தோற்ற கருத்து. 1970இல் வங்கி தேசியமயமாக்கல் வழக்கிலும், 1978இல் மேனகா காந்தி வழக்கிலும் சுப்ரீம் கோர்ட் அவர் காட்டிய திசைக்கே திரும்பி வந்தது. 1959இலேயே மறைந்துவிட்ட அவர் அதைப் பார்க்கவில்லை. காகிதத்தில் மரியாதையாக எழுதிவைக்கப்பட்ட மறுப்பு எழுதியவரைவிட நீண்ட காலம் வாழும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பணிந்து போவதா என்ற கேள்வி

இவ்வளவும் கேட்டபின் ஓர் இளைஞர் கேட்கக்கூடும்: "நயமாகப் பேசியா தெற்கெல்லை கிடைத்தது? 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டியவர்கள் மனு எழுதிக்கொண்டா இருந்தார்கள்?"

நியாயமான கேள்விதான். அந்தத் தியாகத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அந்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கிய மார்ஷல் நேசமணி ஒரு வக்கீல் என்பதையும், பாராளுமன்ற உறுப்பினராக டில்லியில் வாதாடியவர் என்பதையும் மறக்கலாகாது. தெருவில் எழுந்த குரலுக்குப் பின்னால் ஆதாரங்களோடு எழுதிய காகிதங்களும் இருந்தன.

மேலும், எல்லா முடிவும் எல்லைப் போராட்டம் அல்ல. ரேஷன் கார்டுக்கும் ஓடைக்கும் இனமானத்தை இழுத்துவிட்டால், உண்மையிலேயே இனமானம் பேச வேண்டிய நாளில் கேட்பதற்கு ஆள் இருக்காது.

2011 நவம்பர், டிசம்பரில் முல்லைப் பெரியாறு விஷயத்தில் என்ன நடந்தது? அணையின் நீர்மட்டத்தைப் பற்றித் தீர்மானிக்க வேண்டிய இடம் சுப்ரீம் கோர்ட். வழக்கு அங்கே நடந்துகொண்டிருந்தது. குமுளியிலும் கம்பத்திலும் சூடேறியபோது, அடிபட்டவர்கள் வழக்காடியவர்கள் அல்லர். ஏலத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போன தமிழ்ப் பெண்களும், தமிழ்நாட்டில் கடை வைத்திருந்த மலையாளிகளும் பயந்து ஓட வேண்டியிருந்தது. தீர்ப்பு 2014 மே 7 அன்று கோர்ட்டில்தான் வந்தது. தெருவில் உடைந்த கண்ணாடிகளால் நீர்மட்டம் ஓர் அங்குலமும் ஏறவில்லை, இறங்கவுமில்லை.

எல்லையோரத்தில் வாழ்கிறவருக்கு இந்தப் பாடம் மற்றவர்களைவிட முக்கியம். திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ இருந்துகொண்டு சூடாகப் பேசுபவர் பேசிவிட்டுத் தூங்கப் போகலாம். பாறசாலைத் தமிழருக்கு மறுநாள் காலையில் அதே மலையாளியின் கடையில் சாயா குடிக்க வேண்டும், அதே பஸ்சில் ஏற வேண்டும், அவர் பிள்ளை அதே வாத்தியாரிடம் படிக்க வேண்டும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நயம் மனுக்காரருக்கு மட்டும் விதிக்கப்பட்ட கடமை என்றால் அதற்குப் பெயர் அடிமைத்தனம். முடிவெடுக்கிற நாற்காலிக்கும் கடமை உண்டு. காரணம் சொல்ல வேண்டும், எழுத்தில் சொல்ல வேண்டும், வந்தவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும், அடுத்து எங்கே போகலாம் என்பதையும் சொல்ல வேண்டும். "இது ஆகாது, போ" என்பது பதிலே அல்ல. அப்படிச் சொல்லும் உத்தியோகஸ்தர் தம் முன்னால் எழும் கூச்சலுக்குப் பாதி பொறுப்பு ஏற்க வேண்டியவர். எழுதப்பட்ட மரியாதையான மறுப்புக்கு மாதக்கணக்கில் பதில் வரவில்லை என்றால், அந்த மௌனத்தை மேலதிகாரியிடமும், சட்டசபை உறுப்பினரிடமும், பத்திரிகையிடமும் கொண்டு போவதில் தவறே இல்லை. அப்போது கையில் தேதியோடு ஆதாரம் இருக்கும். 1956இல் அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தம் ஏற்படுத்திய மொழிச் சிறுபான்மையினர் கமிஷனர் என்ற பதவி, இப்படிப்பட்ட ஆதாரங்கள் போய்ச் சேர வேண்டிய இடங்களில் ஒன்று. 350பி ஷரத்து அதற்காகவே சேர்க்கப்பட்டது.

முடிவு கடைசிவரை பாதகமாகவே நின்றுவிடுவதும் உண்டு. அப்போது, "ஏற்கவில்லை, ஆனால் கட்டுப்படுகிறேன்" என்று சொல்லத் தெரிய வேண்டும். அப்படிச் சொன்னவருடைய அடுத்த மனுவை அந்த அலுவலகம் சற்றுக் கவனமாகவே படிக்கும்.

செய்ய வேண்டிய காரியம்

உபதேசத்தோடு நிறுத்தினால் பயனில்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழர்களில் பத்தாவது படித்தவர்கள், ஆபீஸ் உத்தியோகம் பார்ப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் குறைவில்லை. மலையாளமும் தமிழும் எழுதத் தெரிந்த இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் ஊர் வாசகசாலையில் ஒரு மேஜை போட்டு உட்காரலாம். திரும்பி வந்த காகிதங்களைக் கொண்டுவரச் சொல்லலாம். எது சரியாகத் திரும்பியது, எது தவறாகத் திரும்பியது என்று பிரிக்கலாம். சரியாகத் திரும்பியதைத் திருத்தி எழுதிக் கொடுக்கலாம். தவறாகத் திரும்பியதற்கு மேல்முறையீடு எழுதி, தேதியை ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம்.

இதற்குச் சங்கம் வேண்டாம், கொடி வேண்டாம், வசூல் வேண்டாம். ஒரு வருஷத்து நோட்டு கையில் இருந்தால் போதும். எந்த அலுவலகம் எத்தனை மனுவை எந்தக் காரணத்துக்காகத் திருப்பியது என்பது அதில் இருக்கும். "தமிழர்களின் மனுக்களை அலட்சியம் செய்கிறார்கள்" என்ற பேச்சு மெய்யா பொய்யா என்பதும் அப்போது தெரிந்துவிடும். மெய்யென்றால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கலெக்டரைப் பார்க்கப் போகலாம். பொய்யென்றால் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.